சோற்றைக் குறைக்குமுன் குளிசையைப் பார்க்க வேண்டும்

நீரிழிவுக்காரர் மாச்சத்தைக் குறைக்கலாமா என்பதில் உணவியலாளர்களிடையே இப்போது பெரிய சண்டை இல்லை. எவ்வளவு, யாருக்கு, எத்தனை காலம் என்பதில்தான் கருத்து வேறுபடுகிறது. இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்த மிகுதியான சான்றுள்ள வழி மொத்த மாச்சத்தைக் குறைப்பதே என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறியது, ஆனால் எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவை அது விதிக்கவில்லை. இரண்டாம் வகை நீரிழிவை ஆராய்ந்த பிரித்தானியப் போசணை விஞ்ஞான ஆலோசனைக் குழு, முதல் சில மாதங்களில் தெரியும் பயன் ஓராண்டுக்குப் பின் தெளிவாகத் தெரியவில்லை என்று 2021இல் அறிவித்தது.

அது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆய்வுகளில் 'குறைந்த மாச்சத்து' என்பது பெரும்பாலும் நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் கீழ்ப்பட்ட அளவாகும். ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் இருப்பதால், மூன்று கோப்பையிலேயே அந்த எல்லை கடந்துவிடுகிறது. வெள்ளவத்தை வீடுகளில் இரவுச் சோற்றை நிறுத்தியவர்கள் இடியப்பத்துக்கோ பாணுக்கோ மாறுவதை 'கட்டுப்பாடு' என்று நம்புகிறார்கள். எங்கள் சித்தியோ, "குரக்கன்தானே, சீனிக்கு நல்லது, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று புட்டை அள்ளி வைப்பார். குரக்கனில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மைதான், எனினும் நூறு கிராம் மாவில் ஏறத்தாழ 70 கிராம் மாச்சத்தே. ஆகவே கிராம்கணக்கை விட, சாப்பாட்டுத் தட்டில் பாதி வல்லாரைச் சம்பலும் பயற்றங்காயும், கால் பங்கு மீன், மீதிக் கால் பங்கு மட்டுமே சோறு என்று காட்டிக்கொடுக்கும் உணவியலாளரே நம் சமையலறைக்கு ஏற்றவர் என்பது என் எண்ணம்.

ஆனால் உணவியலாளர்கள் எல்லோரும் ஒருமித்து அஞ்சும் விடயம் ஒன்று உண்டு. இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிக்ளசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர், மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் திடீரென வெட்டினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் வகைக் குளிசை எடுப்பவர் மாச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீற்றோன்கள் என்ற அமிலப் பொருள்கள் இரத்தத்தில் ஆபத்தாகப் பெருகலாம். அப்போது சீனி அதிகம் ஏறாமலே இருக்கக்கூடுமாதலால், வீட்டிலுள்ள சீனி பார்க்கும் மீற்றர் அதைக் காட்டிக்கொடுக்காது. எனவே உணவியலாளரிடம் போகும்போது கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். உணவை மாற்றுமுன் மருந்தின் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.