உரும்பிராய்ச் செம்மண்ணில் திராட்சை: மூன்று வருட அனுபவம்

2020 ஐப்பசியில் பென்சில் தடிப்பில் நாற்பது திராட்சைத் தடிகளைக் கொண்டுவந்து கறுப்புப் பொலித்தீன் பைகளில் ஊன்றினேன். முப்பத்தினாலு இஸ்ரேல் புளூ, மூன்று கார்டினல், மூன்று மஸ்கட். யாழ்ப்பாணத்தில் பந்தல்களில் பெரும்பாலும் காண்கிற கருநீலப் பழம் இஸ்ரேல் புளூதான். மற்ற இரண்டும் என் ஆசைக்கு வைத்தவை. அப்பா வெங்காயமும் புகையிலையும் மாறி மாறிச் செய்த தறையில் இரண்டு பரப்பை (ஏக்கரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு) இதற்கென்று ஒதுக்கினேன். திராட்சை வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி விபரம் கேட்கிறார்கள். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தை மாதம் குழி வெட்டத் தொடங்கிய அன்றே மண் தன் குணத்தைக் காட்டிவிட்டது. மேலே அழகான செம்மண். ஒன்றரை அடி போனதும் மண்வெட்டி 'டங்' என்று நின்றது. மிச்ச அரை அடிக்கு அலவாங்குதான். உடைந்து வந்த வெள்ளைக் கல்லைக் கழுவிப் பார்த்தால் அதில் சிப்பியின் வரிகள் தெரிந்தன. யாழ் குடாநாடு முழுக்க அடியில் கிடப்பது பல மில்லியன் வருடங்களுக்கு முந்திய மயோசீன் காலத்தில் கடலுக்குள் படிந்த சுண்ணாம்புக்கல். கடல் விட்டுப்போன அந்தக் கல்லுக்கு மேல் ஒரு போர்வை அளவுக்குச் செம்மண். எங்கள் தோட்டம் என்பது அவ்வளவுதான். குழிக்குள் பூவரசங் குழையும் ஆட்டெருவும் போட்டு மூடி, மழை ஈரம் காய முன் கன்றுகளை நட்டேன். சீமெந்துத் தூண் நட்டு ஆறரை அடி உயரத்தில் கம்பிப் பந்தலும் போட்டாயிற்று.

சித்திரை வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது. அப்புறம் இளம் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. முழு மஞ்சள் இல்லை: நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நிற்கும், இடைப்பட்ட இடமெல்லாம் எலுமிச்சம்பழ நிறம். விவசாயப் போதனாசிரியர் வந்து மண்ணைச் சோதித்தார். பி.எச். 8க்கு மேல், காரம் கூடிய மண். இரும்புச் சத்துக் குறைபாடு என்றார். இரும்பு மண்ணில் இல்லாமல் இல்லை, செம்மண்ணின் சிவப்பே இரும்பின் நிறம்தான். ஆனால் சுண்ணாம்பு கூடிய மண்ணில் அது கரையாமல் இறுகிக் கிடக்கும், வேரால் எடுக்க முடியாது. வீட்டில் கிடந்த இரும்புச் சல்பேற்றைக் கரைத்து அடியில் ஊற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. ஊற்றிய இரும்பையும் அதே சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொண்டது. இந்த மண்ணில் பலன் தரக்கூடிய கீலேற்று வகை இரும்பை வாங்கலாம் என்றால், அந்த 2021 வைகாசியில்தான் இலங்கையில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. கடை கடையாக அலைந்தும் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் பிரான்சில் இருக்கிற மச்சானோடு வட்ஸ்அப்பில் கதைத்தபோது கொடியின் படத்தை அனுப்பினேன். அவர் இருப்பது அத்திலாந்திக் கரைப் பக்கம், கொன்யாக் பிரதேசத்தில். பருவத்தில் திராட்சை பறிக்கப் போகிறவர். படத்தைத் தோட்ட முதலாளியிடம் காட்டியிருக்கிறார். அந்த மனிதர் பார்த்த உடனேயே, "உங்கட நிலத்துக்கு அடியில சுண்ணாம்போ?" என்று கேட்டாராம்.

அவர்களும் இதே கல்லோடு பட்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பைலொக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சையை அழித்தபோது, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் தங்கள் கொடியை ஒட்டி மீண்டார்கள். ஆனால் கொன்யாக்கின் சுண்ண மண்ணில் அந்த அமெரிக்க வேர்கள் மஞ்சளாகிச் செத்தன. 1887இல் பியேர் வியாலா என்ற பேராசிரியரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். டெக்சஸில் டெனிசன் என்ற ஊரில் இருந்த மன்சன் என்ற திராட்சை ஆராய்ச்சியாளர், சுண்ணாம்புக் கல்லிலேயே காடாக வளர்கிற ஓர் இனத்தைக் காட்டிக்கொடுத்தார். அதன் வாரிசுகள்தான் இன்றைக்கும் கொன்யாக்கைத் தாங்கி நிற்கின்றன. இதைக் கேட்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை. உலகத்தின் மறுகோடியில் ஒருவர், என் குழியில் வந்த அதே கல்லைத் தொட்டு அதே கவலையைப் பட்டிருக்கிறார்.

ஆனால் என்னிடம் இருந்தது தன் வேரில் நிற்கிற நாற்பது கொடிகள். அவற்றைக் காப்பாற்றியது 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு என்று சொன்னால் நம்புவீர்களா?

அதுவரை நான் வெங்காயத்துக்கு இறைக்கிற பழக்கத்தில் திராட்சைக்கும் மூன்று நாளுக்கு ஒருமுறை பாத்தி நிறைய இறைத்துக்கொண்டிருந்தேன். 2022 பங்குனிக்குப் பிறகு இறைப்பு மிசினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. வரிசையில் நின்று கிடைத்த இரண்டு லீற்றரை வீட்டுத் தேவைக்கும் பார்க்கவேண்டும். இறைப்பு பத்து நாளுக்கு ஒருமுறை ஆனது. கொடி காய்ந்துபோகும் என்று பயந்துகொண்டே பந்தலுக்குள் போவேன். புதுக்கொழுந்து பச்சையாக வந்தது. பக்கத்துத் தோட்டத்து ஐயா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது வெங்காயம் இல்லை. கால் எந்த நேரமும் நனைஞ்சுகொண்டு நிண்டா கொடி சாப்பிடாது." பிறகு போதனாசிரியர் அதற்கான காரணத்தை விளக்கினார். எங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. கூட இறைக்க இறைக்க வேரைச் சுற்றி அதுதான் சேரும், ஈரம் நிற்கிற மண்ணில் காற்றோட்டமும் போய்விடும். இரண்டும் சேர்ந்துதான் இரும்பை எடுக்கவிடாமல் செய்கின்றன. இப்போது வருடத்துக்கு ஒருமுறை கொடியைச் சுற்றி வட்டம் வெட்டிக் குழை தாழ்க்கிறேன். பூவரசு, கிளிசரியா, எது கிடைத்தாலும். குழை உக்கும்போது அந்த இடத்தில் மண்ணின் காரம் குறைகிறது.

தண்ணீரைக் குறைக்க இன்னொரு காரணமும் உண்டு. நிலாவரைக் கிணறு எல்லோருக்கும் தெரியும்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். குடாநாட்டுக் கிணறுகளின் நிலைமையும் இதுதான். கல்லுக்குள் நன்னீர் ஒரு வில்லை மாதிரிக் கடல்நீருக்கு மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிடச் சற்றுத்தான் கூட. அதனால், கணக்குப்படி, நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் அடியில் உவரின் எல்லை 40 அடி மேலே வரும். திராட்சை உவரைக் கொஞ்சம் தாங்கும், நிறையத் தாங்காது. இலையின் ஓரம் கருகினால் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

சரி, கொடியைக் கத்தரிக்கிற வெட்டுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். கொன்யாக்கில் குளிர் வந்து கொடியைத் தூங்கவைக்கிறது. இலை உதிர்ந்து, வசந்தத்தில் தானாகவே விழிக்கிறது. எங்களுக்குக் குளிர்காலம் இல்லை. விட்டால் கொடி வருடம் முழுக்கக் கொழுந்து விட்டுக்கொண்டே இருக்கும், பழம் தராது. நாங்கள் கத்தரிக்கோலால் வெட்டுகிற நாள்தான் அதற்கு வசந்தம். வெட்டி முப்பத்தைந்து நாற்பது நாளில் பூ, நூற்றுப்பத்து நாள் அளவில் பழம். ஆகவே வெட்டுகிற நாளைத் தீர்மானிக்கும்போதே பூ எந்த வானிலைக்கு வரும், பழம் எந்த வானிலைக்கு வரும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறோம்.

2022 தையில் முதல் வெட்டு வெட்டி, வைகாசியில் கொஞ்சப் பழம் பறித்தேன். நல்ல இனிப்பு. அந்தத் துணிவில், பொங்கலுக்குப் பழம் கொண்டுபோனால் மருதனார்மடம் சந்தையில் யாவாரிகள் நல்ல விலை தருவார்கள் என்று எண்ணி, புரட்டாதி நடுவில் மறுபடி வெட்டினேன். ஐயா வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. பூ வந்த கிழமையே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்திலும் கொட்டிவிடுகிறதே. இலையின் மேலே எண்ணெய் தெறித்தாற்போலப் பொட்டுகள், திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் பஞ்சு. அடிச்சாம்பல் நோய். ஒரு கிழமைக்குள் பூங்கொத்துகள் மண்ணிறமாகிக் கையால் தொட உதிர்ந்தன. நாற்பது கொடியிலும் ஒரு கிலோ கூட மிஞ்சவில்லை. மனைவி அன்று பந்தலுக்குள் வந்து நின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனாள்.

கொடியையாவது காப்பாற்றவேண்டும் என்று அன்றுதான் போர்டோக் கலவை செய்யப் பழகினேன். ஒரு கிலோ மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லீற்றர் தண்ணீர். இரண்டையும் வேறு வேறு பிளாஸ்டிக் வாளியில் கரைக்கவேண்டும், இரும்பு வாளி கூடாது. நீலத் தண்ணீரைச் சுண்ணாம்புப் பாலுக்குள் மெல்ல ஊற்றிக் கலக்கினால் வான்நீலத்தில் தயிர் போலத் திரளும். பிறகு தீட்டிய கத்தி ஒன்றை அதற்குள் அமிழ்த்தி ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். கத்தி செம்பு நிறத்தில் சிவந்திருந்தால் செம்பு மிதமிஞ்சிக் கிடக்கிறது, இலையைச் சுட்டுவிடும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் விட்டுக் கத்தி வெள்ளையாக வரும்வரை பாருங்கள். செய்த அன்றே அடித்துவிடவேண்டும். இதுவும் ஒரு கடற்கரைத் திராட்சைப் பிரதேசத்தில் பிறந்த மருந்துதான். போர்டோவின் மெடொக் பகுதியில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்கத் தெருவோரக் கொடிகளுக்குத் துத்தமும் சுண்ணாம்பும் பூசினார்களாம். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லை என்பதைக் கண்ட மில்லார்டே என்ற தாவரவியலாளர் 1885இல் அதை மருந்தாக வெளியிட்டார்.

2023இல் பொங்கல் முடிந்த கையோடு வெட்டினேன். மாசியில் பூ, வெயிலில் காய்ப்பு, பழுக்கும்போது ஒரு மழையைத் தவிர வேறு மழை இல்லை. பறிப்புக்கு ஒரு கிழமை முன்பு இறைப்பை நிறுத்தினேன். குலைகளுக்குப் பழைய நுளம்புவலையைத் தைத்துப் போட்டேன், அணிலும் கிளியும் விடாது. வைகாசி நடுவில், சோளகக் காற்று பலக்க முன், பறித்து முடித்தாயிற்று. கார்டினல் பெரிய அழகான சிவப்புப் பழம், ஆனால் அந்த ஒரே ஒரு மழைக்குத் தோல் வெடித்துவிட்டது. அதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மஸ்கட்டின் வாசம் பந்தலுக்கு வெளியிலேயே வரும், காய்ப்புத்தான் குறைவு. இஸ்ரேல் புளூ சில குலைகளில் ஒருபக்கம் பச்சையாகவே நின்றது. இரவுச் சூடு கூடினால் நிறம் சரியாக ஏறாது.

சீனி அளக்கும் கருவியை இரவல் வாங்கிப் பார்த்தேன்: 16 பிரிக்ஸ், அதாவது சாற்றில் 16 சதவீத அளவு சீனி. வைனாக நொதித்தால் மதுசாரம் 9 சதவீத அளவுதான் வரும். மச்சானிடம் சொன்னபோது, கொன்யாக்கில் உக்னி பிளாங் திராட்சையின் வைனும் அந்த அளவுதான், அதைத்தான் வடித்துப் பிராந்தியாக்குகிறார்கள் என்றார். இங்கே திராட்சை ரசம் என்றால் எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வருவது தோலகட்டி ஆச்சிரமம். என் பழம் சந்தைக்கே போதாமல் போனது.

இந்த வருடமும் தை கடைசியில் வெட்டினேன். வெட்டிய நுனியில் தண்ணீர் சொட்டும். வேர் விழித்திருக்கிறது, அடியில் மழை ஈரம் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்று ஐயா சொல்லித் தந்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையும் போய் ஒவ்வொரு நுனியாக விரல் வைத்துப் பார்த்தேன். சொட்டிக்கொண்டிருந்தது. இறைப்பு மிசினை வெளியே எடுக்கவில்லை.