முகமூடி இல்லாத நாயகி

ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் உள்ளே யார் இருந்தாலும் ஒன்றுதான். ஜப்பானில் 1971இல் தொடங்கிய காமென் ரைடர், 1975இல் தொடங்கிய சூப்பர் சென்டாய் என்ற முகமூடி வீரர் தொலைக்காட்சி வரிசைகள் இரண்டும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்ததில் பெரிய பங்கு இந்த ஒரு வசதிக்கு உண்டு. நடிகர் கையைச் சுழற்றி ‘ஹென்ஷின்’ (உருமாற்றம்) என்று கத்துவார். அடுத்த ஷாட்டில் அந்த உடைக்குள் நிற்பவர் வேறு ஆள். அவரை அங்கே ‘சூட் ஆக்டர்’ என்பார்கள். விழுவதும் புரள்வதும் அவர் தொழில். பிங்க் நிற வீராங்கனையின் உடைக்குள் ஓர் ஆண் இருப்பதுகூட அங்கே சகஜம். நடிகர் மதியத்துக்குள் தன் காட்சியை முடித்துவிட்டுக் கிளம்பலாம், சண்டை வேறு இடத்தில் வேறு யூனிட்டோடு ஓடிக்கொண்டிருக்கும்.

மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளிலிருந்து வரும் நாயகிகளிடம் இந்த வசதி கிடையாது. செய்லர் மூனோ கியூட்டி ஹனியோ உருமாறினால் முகம் மறைவதில்லை, இன்னும் அழகாகத் தெரிகிறது. படித்த சிறுமிக்குப் பிடித்ததே அதுதான். ஆகவே படமாக்க வருபவர் முதல் நாளே ஹெல்மெட்டைப் பறிகொடுத்துவிடுகிறார். முடி, கையுறை, ரோப், டூப் என்று பிறகு வரும் தலைவலிகளில் பெரும்பாலானவை அந்த இழப்பின் வட்டிதான்.

2003 அக்டோபர் 4 முதல் 2004 செப்டம்பர் 25 வரை சனிக்கிழமை காலைகளில் வந்த ‘பிரெட்டி கார்டியன் செய்லர் மூன்’ தொடரை எடுத்துக்கொள்வோம். நவோகோ தகேஉச்சியின் மங்காவிலிருந்து டோயெய் நிறுவனம் எடுத்தது. 49 அத்தியாயங்கள், அத்தனைக்கும் திரைக்கதை யாசுகோ கோபயாஷி. மங்காவிலும் அனிமே என்ற ஜப்பானிய அனிமேஷன் வடிவத்திலும் நாயகி உசாகி எப்போதுமே இரட்டைக் கொண்டை போட்ட மஞ்சள் முடிக்காரி. இந்தத் தொடரில் பள்ளிக்கூடம் போகும் உசாகிக்கு (நடித்தவர் மியூ சவாய்) சாதாரணக் கருமையான முடி. உருமாறிய பிறகுதான் மஞ்சள். மூலத்தை மாற்றிவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டவர்களும் உண்டு. வேலை தெரிந்தவர் கண்ணுக்கு இதுதான் அந்தத் தொடரின் மிகக் கெட்டிக்காரத்தனமான முடிவு. பள்ளிக்கூடக் காட்சிகளுக்கு டோப்பாவே தேவையில்லை. ஒப்பனை அறையில் தினமும் போகும் நேரம் மிச்சம். முகம் திறந்திருந்தும் தோழிகளுக்கு இவளை ஏன் அடையாளம் தெரியவில்லை என்ற பழைய கேள்விக்கு முடி பாதிப் பதில் சொல்லிவிடுகிறது. இன்னொரு லாபமும் உண்டு. பின்னாலிருந்து பார்த்தால் அந்த முடிதான் செய்லர் மூன். டூப் போடுபவர் தலையில் அதை வைத்து, முதுகைக் கேமராவுக்குக் காட்டி ஓடவிட்டால் போதும். ஹெல்மெட் செய்த வேலையில் ஒரு பாதியை டோப்பா செய்கிறது.

அந்தப் பாதியை வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. மங்காவில் முடி என்பது வெறும் கோடு, எடை இல்லை. இரட்டைக் கொண்டையிலிருந்து முழங்கால்வரை தொங்கும் இரண்டு வால்களை நிஜ நைலான் இழையில் செய்தால், அவை தலையின் உச்சியைப் பின்னாலும் கீழாகவும் இழுக்கும். நெற்றியில் ஒட்டியிருக்கும் லேஸ் (டோப்பாவின் மெல்லிய வலை ஓரம்) முதலில் கண்ணுக்கும் காதுக்கும் இடையே, பொட்டுப் பக்கம்தான் தூக்கும். தூக்கிய இடம் வைட் ஷாட்டில் தெரியாது, க்ளோஸப்பில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும், அதுவும் எடிட்டிங் மேஜைக்குப் போன பிறகு.

கட்டும் முறை இது. நடிகையின் சொந்த முடியைச் சிறு சுருள்களாகச் சுற்றித் தலையோடு தட்டையாகப் பின் குத்த வேண்டும். ஒரே இடத்தில் குவிந்தால் தலை பெரிதாகத் தெரியும். மேலே வலைத் தொப்பி. பொட்டு இரண்டிலும் பிடரியிலும் பின்களைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகப் போட்டுத் தொப்பியை இறுக்க வேண்டும், ஏனென்றால் டோப்பாவின் எடையைத் தாங்கப்போவது இந்தத் தொப்பிதான், பசை இல்லை. பசைதான் தாங்கும் என்று நினைத்துக் கூடுதலாகத் தடவுவது புதியவர்கள் செய்யும் முதல் தப்பு. ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசை மெல்லிசாக ஒரே ஒரு கோட், அது பிசுபிசுப்பாகும்வரை பொறுமை, பிறகு ஈரத் துணியால் நெற்றி நடுவிலிருந்து காது நோக்கி அழுத்தல். கனமாகத் தடவினால் பளபளக்கும், லைட் பட்டால் நெற்றியில் எண்ணெய் வழிவது மாதிரி இருக்கும். வால்கள் இரண்டையும் டோப்பாவோடு சேர்த்துத் தைக்காமல் தனியாகக் கிளிப்பில் மாட்டும்படி செய்வது நல்லது. ஷாட்டுக்கு ஷாட் கழற்றி வைக்கலாம், நடிகைக்குக் கழுத்து வலி குறையும்.

ஒரு பாத்திரத்துக்குக் குறைந்தது மூன்று டோப்பா வேண்டும். க்ளோஸப்புக்கு ஒன்று, கையால் முடிச்சுப் போட்ட லேஸ், நிறத்தில் மூன்று நான்கு சாயல் கலந்தது. சண்டைக்கு ஒன்று, வால் ஒரு சாண் குட்டை, அடிப்பாகம் எலாஸ்டிக். டூப்புக்கு ஒன்று. ஒரே மஞ்சளில் செய்தால் துணிக்கடைப் பொம்மை மாதிரி இருக்கும். வேர்ப்பக்கம் ஒரு சாயல் கருமை கொடுத்தாலே பாதி பிளாஸ்டிக்தனம் போய்விடும். செயற்கை இழை பிடரியில் காலரோடு உரசி உரசி அரை நாளில் சடை பிடிக்கும். சிலிக்கான் ஸ்பிரே அடித்து நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீவ வேண்டும். மேலிருந்து இழுத்தால் இழை கையோடு வந்துவிடும்.

(பூனை விஷயத்தில் அவர்கள் இப்படியெல்லாம் மல்லுக்கட்டவில்லை. பேசும் கருப்புப் பூனை லூனாவைப் பஞ்சு பொம்மையாகவே ஆக்கிவிட்டார்கள். நிஜப் பூனையை வைத்து வாராவாரம் படம் பிடிக்க முயன்றவர்கள் யாரும் இதைக் கேலி செய்யமாட்டார்கள்.)

உடைக்கு வருவோம். மாலுமிக் காலர் ஓடும்போது முகத்தில் அடிக்கும், ஓரத்தில் மெல்லிய கம்பியோ நைலான் நரம்போ கோத்தால் படுத்துக் கிடக்கும். பாவாடையைத் தனியாகத் தைக்காமல் உள்ளாடை மாதிரியான லியோட்டார்டோடு சேர்த்தே தைப்பார்கள். மடிப்பு கலையாமலிருக்கப் பாலியெஸ்டரைச் சூட்டில் மடித்து நிறுத்த வேண்டும், பருத்தி என்றால் இரண்டாவது டேக்கிலேயே தொங்கிவிடும். பூட்ஸ் இரண்டு ஜோடி. ஒன்று வரைந்த மாதிரி குதிகாலோடு, நடக்கவும் நிற்கவும். இன்னொன்று அதே நிறத்தில் தட்டை ரப்பர் அடியோடு, பாதம் தெரியாத ஷாட்டுகளுக்கு.

எல்லாவற்றையும்விட எரிச்சல் மூட்டுவது வெள்ளைக் கையுறை. முழங்கைவரை வரும் கையுறை வியர்வையில் வழுக்கி இறங்கும். மேல் ஓரத்தில் உட்பக்கமாகச் சிலிக்கான் பட்டை வைத்தாலும், டபுள் சைட் டேப் ஒட்டினாலும், கையை இருபது முறை தலைக்குமேல் தூக்கினால் ஒரு விரல் அளவு இறங்கத்தான் செய்யும். கன்டினியூட்டி பார்ப்பவர் இதற்கென்று தனியாக ஒரு குறிப்பு வைத்திருக்க வேண்டும். போதாததற்கு, மண்ணில் ஒரு தடவை கை ஊன்றினால் அந்த ஜோடி அன்றைக்கு முடிந்தது. வெளிப்புறச் சண்டை என்றால் ஆளுக்கு அரை டஜனாவது கையிருப்பில் இருக்க வேண்டும், எல்லாம் ஒரே துணிக்கட்டிலிருந்து வெட்டியதாக. வேறு கட்டு என்றால் வெள்ளையிலும் வெள்ளை வேறுபடும்.

ரோப் கட்டுவதற்கு இந்த உடை நேர் விரோதி. சூப்பர் சென்டாய் உடையில் பெல்ட் இருக்கிறது, தடித்த துணி இருக்கிறது. ரோப் மாட்டும் பட்டையான ஹார்னஸ் இடுப்பில் இருப்பது தெரியாது. உடலோடு ஒட்டிய லியோட்டார்டில் ஒரு நாணயம் வைத்தாலும் தெரியும். அதனால் ரோப் ஷாட்டுக்கென்று ஓர் அளவு பெரிய உடை தனியாகத் தைத்து, இரண்டு இடுப்புப் பக்கமும் கொக்கி வெளியே வரச் சிறு பிளவு விட வேண்டும். செய்லர் உடையில் பாவாடை அந்தப் பிளவை மறைக்கிறது. பாவாடை இல்லாத நாயகிக்கு அதையும் சிஜியில்தான் அழிக்க வேண்டும், ரோப்பையும் அழிக்க வேண்டும், நீண்ட முடிக்குப் பின்னால் ரோப் போகும் ஃபிரேம்களில் இழை இழையாக ரோட்டோ போட வேண்டும், அதாவது ஃபிரேம் ஃபிரேமாக ஓரம் வரைந்து பிரிக்க வேண்டும். ஆள் இல்லாத வெற்று இடத்தையும் அதே கேமரா அசைவில் ஒருமுறை எடுத்து வைத்தால் இந்த வேலை பாதியாகும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது அதுதான்.

சண்டையை விறுவிறுப்பாக்க வினாடிக்கு 22 ஃபிரேமில் எடுத்து 24இல் ஓட்டும் பழைய உத்தி நம் ஸ்டன்ட் யூனிட்டுகளுக்கும் அத்துப்படி. சுமார் ஒன்பது சதவீதம் வேகம் கூடும். குட்டை முடிக்காரருக்கு இது கண்ணில் படாது. முழங்கால்வரை முடி இருந்தால் காட்டிக்கொடுப்பது அந்த முடிதான். 20க்கு இறக்கினால் உதை வேகமாகத் தெரிவதோடு, முடி விழும் வேகமும் கூடி, காற்றில் அடிபடும் பிளாஸ்டிக் பை மாதிரி துடிக்கும். புவியீர்ப்பை ஏமாற்ற முடியாது.

உருமாறும் காட்சியில் மட்டும் தயாரிப்பாளருக்குக் கொஞ்சம் நிம்மதி. அனிமேயில் ஒரு தடவை வரைந்து வாராவாரம் திரும்பப் போடுவதை ‘பேங்க்’ என்பார்கள். நேரடிப் படப்பிடிப்பிலும் அதே கணக்குதான். ஒரு முறை நன்றாகச் செலவு செய்து எடுத்துவிட்டால் ஆண்டு முழுக்க ஓடும். அதற்கு இரண்டு நிபந்தனை. தொடக்கம் ஒரு கையின் க்ளோஸப்பாகவோ வெற்றுப் பின்னணியாகவோ இருக்க வேண்டும். அப்போதுதான் கோயில் படிக்கட்டிலிருந்தும் வெட்டலாம், கடற்கரையிலிருந்தும் வெட்டலாம். முடிவு அசையாத ஒரு போஸாக இருக்க வேண்டும். எடுத்த பிறகு டோப்பாவின் சாயலையோ முன்முடியின் வெட்டையோ யாராவது ‘சரிசெய்தால்’ பேங்கிலிருப்பவளும் அடுத்த ஷாட்டில் வருபவளும் அக்கா தங்கை மாதிரி ஆகிவிடுவார்கள். உடையில் எல்லாக் குறையும் தீர்ந்த பிறகே பேங்க் எடுக்க வேண்டும் என்பது சரியான யோசனைதான். முதல் அத்தியாயத்திலேயே அந்தக் காட்சி வேண்டும் என்பதால் யாராலும் கடைப்பிடிக்க முடிவதில்லை.

2004 மே மாதம் வெளிவந்த ‘கியூட்டி ஹனி’ இதே சிக்கலுக்கு வேறு வழி பார்த்தது. கோ நாகாயின் 1973ஆம் ஆண்டு மங்கா. இயக்கியவர் ஹிடேயாகி அன்னோ, அடிப்படையில் அனிமேட்டர். ஹனியாக எரிகோ சாட்டோ. மனித உடல் கோடு மாதிரி அசையாது என்பதை ஒப்புக்கொண்டு, சில சண்டைத் துண்டுகளை அசைவாகவே எடுக்கவில்லை. போஸ்களை முதலில் வரைந்து, அந்த நிலையில் நடிகர்களை நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்து, படங்களை அனிமேஷன் போலக் கோத்தார்கள். ‘ஹனிமேஷன்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேயில் ஒரு படத்தை மூன்று ஃபிரேம் நிறுத்துவது வழக்கம், வினாடிக்கு எட்டுப் படம். அந்தக் கணக்கில் மூன்று வினாடிப் பாய்ச்சலுக்கு 24 போஸ். இந்த வகை வேலையில் கெடுக்கும் விஷயம் எதிர்பாராத இடத்திலிருந்து வரும். முகமும் கையும் வரைந்த இடத்திலேயே நிற்கும். துணியின் சுருக்கமும் முடியின் நுனியும் போஸுக்குப் போஸ் இடம் மாறி, ஓட்டிப் பார்த்தால் உடை கொதிப்பது மாதிரி தெரியும். பளபளக்கும் ஒட்டு உடையில் கொதிப்பு குறைவு. கேலிச்சித்திரத் தொனியில் எடுத்த படமாகவும் இருந்ததால், தப்பும் பாணியாகவே போய்விட்டது. தொனியைத் தேர்ந்தெடுப்பதும் செலவைக் குறைக்கும் வழிதான்.

இயந்திர உடல் கொண்ட மங்கா நாயகியைப் பற்றிய 2017இன் ‘கோஸ்ட் இன் த ஷெல்’ அந்தச் சலுகையைத் தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. முகத்தில் சிரிப்பே இல்லாத படம். ஸ்கார்லெட் ஜொஹான்சனுக்கான மறைவுடையை (கதையில் போட்டவரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும் உடை) நியூசிலாந்தின் வேட்டா வொர்க்‌ஷாப் சிலிக்கானில் வார்த்தது. சிலிக்கான் தோல் மாதிரி ஒளியை உள்வாங்கும். அதற்காகத்தான் அதைத் தேடிப் போவது. ஆனால் கனம், காற்றுப் புகாது, மாட்டுவதற்கு வழவழப்பு ஏற்ற வேண்டும், மெலிந்த இடத்தில் கிழியும், இடுப்பும் முழங்காலும் மடங்கினால் டயர் மாதிரி சுருளும். இயந்திர உடலில் தகடு தகடாகக் கோடு வரைவது அழகுக்கு மட்டும் இல்லை. கோடு இருக்கும் இடத்தில் தையலும் மடிப்பும் ஒளிந்துகொள்ளும். படத்தைப் பற்றிய சண்டையெல்லாம் ஜப்பானிய நாயகியாக யாரை நடிக்கவைத்தார்கள் என்பதைச் சுற்றியே நடந்ததால், இந்தக் கைவேலையைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2019இல் வந்த ‘அலீட்டா’ திரும்பவும் முகமூடிக்கே போனது, ஆனால் நேர் தலைகீழாக. யூகிட்டோ கிஷிரோவின் மங்கா நாயகி. இயக்கம் ராபர்ட் ரோட்ரிகெஸ், தயாரிப்பில் ஜேம்ஸ் கேமரூன். ரோசா சலாசர் மற்ற நடிகர்களோடு தளத்திலேயே நடித்தார், முகத்துக்கு நேராக இரண்டு குட்டிக் கேமராக்கள் தலைக்கவசத்தில் நீட்டிக்கொண்டிருக்க. அந்த முகத்தின் மேல் வேட்டா டிஜிட்டல் இன்னொரு முகத்தைக் கட்டியது. மறைக்கவேண்டிய முகமே முகமூடியானது. டூப் பிரச்சினை தீர்ந்தது, டோப்பாப் பிரச்சினை தீர்ந்தது, கண் பிரச்சினை புதிதாக வந்தது.

2017 டிசம்பரில் முதல் முன்னோட்டம் வந்ததும், அந்தப் பெரிய கண்கள் பயமுறுத்துகின்றன என்று பலர் சொன்னார்கள். அளவைக் குறை என்பதுதான் எல்லோருக்கும் தோன்றும் பரிகாரம். மங்காவில் கண்ணின் வெள்ளை என்பது மை படாத காகிதம், அதற்கு ஈரமோ பளபளப்போ கிடையாது. நிஜ முகத்தில் வெள்ளை ஒளியை வாங்கித் திருப்பும். மனிதக் கண்ணில் கருவிழியைச் சுற்றி நாலாபுறமும் வெள்ளை தெரிவது மிரண்டுபோனவர்களிடம்தான். கண்ணைப் பெரிதாக்கிக் கருவிழியை அந்த அளவுக்கு வளர்க்காமல் விட்டால் நாயகி சும்மா உட்கார்ந்திருந்தாலும் மிரண்டவளாகத்தான் இருப்பாள். படக்குழு கண்ணைச் சிறிதாக்கவில்லை. கருவிழியைப் பெரிதாக்கியது, வெள்ளை தானாக ஓரத்துக்கு ஒதுங்கியது.