ஷெர்லக் ஹோம்ஸை உப்பனாற்றில் இறக்கியபோது

பழைய துப்பறியும் நாவலை இன்றைய ஆக்‌ஷன் படமாக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கதையை அப்படியே வைத்துக்கொண்டு நடுநடுவே நாலு ஃபைட்டைச் செருகுகிறார்கள். துப்பு ஒரு பக்கம் போகும், அடிதடி ஒரு பக்கம் போகும். ஃபைட்டை வெட்டி எடுத்தாலும் கதை புரிகிறது என்றால் அந்த ஃபைட் வீண். ஆர்தர் கானன் டாயில் 1890-இல் எழுதிய 'தி சைன் ஆஃப் ஃபோர்' என்ற ஷெர்லக் ஹோம்ஸ் நாவலைப் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் கொண்டுவந்து பவுண்ட் ஸ்கிரிப்ட் (முழுதாக எழுதி முடித்த திரைக்கதை) ஆக்கும் வரைக்கும் எங்கள் குழு விடாமல் பிடித்துக்கொண்ட விதி ஒன்றுதான்: துப்பறிவாளர் ஒரு காட்சியில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டதே அடுத்த சண்டையில் அவருக்கு ஆயுதம்.

ஹோம்ஸை அடிதடிக்கு இழுப்பது மூலக்கதைக்குச் செய்யும் துரோகம் என்று சிலர் நினைக்கிறார்கள். டாயிலைப் படித்தால் அந்தச் சந்தேகம் வராது. முதல் நாவலிலேயே ஹோம்ஸின் திறமைகளைப் பற்றி நண்பர் வாட்சன் போடும் பட்டியலில் குத்துச்சண்டை, வாள், தடிச்சண்டை மூன்றும் உண்டு. 1892-இல் வந்த ஒரு கதையில் வளைத்துப் போட்ட இரும்புக் கம்பியை வெறுங்கையால் நிமிர்த்துகிறார். 1903-இல் வந்த இன்னொன்றில், ஜப்பானிய மல்யுத்த முறை தெரிந்ததால்தான் அருவி விளிம்பில் உயிர் தப்பினேன் என்கிறார். நாங்கள் எடுத்த நாவலில் காவலுக்கு நிற்கும் பழைய குத்துச்சண்டைக்காரர் ஹோம்ஸோடு மோதிய ஆட்டத்தை நினைவுகூர்ந்துதான் கேட்டைத் திறந்து விடுகிறார்.

உரிமையை முதல் வாரத்திலேயே பார்த்து முடித்துவிட வேண்டும். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. டாயில் 1930-இல் இறந்தார், இங்கே சிக்கலே இல்லை. அமெரிக்காவிலும் கடைசிக் கதைகள் வரை 2023 ஜனவரி 1-இல் பொதுவுடைமை ஆகிவிட்டன. அகதா கிறிஸ்டி 1976-இல் இறந்தவர், 2036 முடிய எழுதி வாங்காமல் தொடக் கூடாது. நம்ம சங்கர்லாலைப் படைத்த தமிழ்வாணன் 1977. பலர் கோட்டைவிடும் இடம் வேறு: தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு, பிற்காலப் படங்களும் தொடர்களும் சேர்த்த விஷயங்களுக்கும் தனி உரிமை உண்டு. 2009-இல் வந்த ஹோம்ஸ் ஹாலிவுட் படத்தில் அடிப்பதற்கு முன்பே ஒவ்வொரு அடியையும் மனதுக்குள் மெதுவாக ஓட்டிப் பார்க்கும் உத்தியும் அந்தப் படம் சேர்த்ததுதான், டாயிலிடம் கிடையாது. ஆகவே ஆங்கில மூலத்தை மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு எழுதுவதே பாதுகாப்பு.

அடுத்தது அட்டை வேலை. நாவலில் 12 அத்தியாயம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் யாருக்கு என்ன தெரிகிறது, பார்வையாளனுக்கு என்ன தெரிகிறது என்று இரண்டு வரி மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒட்டியதும் பிரச்சினை பளிச்சென்று தெரிந்தது. படகுத் துரத்தல் 10-ஆம் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. 12-ஆவது முழுக்க, புதையலைத் தேடி வரும் மரக்கால் குற்றவாளி ஜோனதன் ஸ்மாலின் வாக்குமூலம், புத்தகத்திலேயே நீளமான அத்தியாயம். கிளைமாக்ஸ் முடிந்த பிறகு இருபது நிமிட ஃப்ளாஷ்பேக் ஓடினால் தியேட்டரில் பாதிப் பேர் பார்க்கிங்கில் இருப்பார்கள். வாக்குமூலத்தை ஐந்து துண்டாக்கி, ஒவ்வொன்றையும் ஒரு பொருளோடு கட்டி முன்னால் நகர்த்தினோம். பொருள் கையில் கிடைக்கும்போதுதான் அந்தத் துண்டு திறக்கும். கடைசித் துண்டு மட்டும் படகிலேயே, அவன் வாயாலேயே.

ஊர் மாற்றும்போது பெயரை மாற்றிவிட்டால் போதாது, ஒவ்வொரு பாத்திரமும் இந்த மண்ணில் இருக்கக் காரணம் வேண்டும். வாட்சனுக்கு அந்தக் காரணம் தேடாமலே கிடைத்தது. அவர் 1880-இல் ஆப்கானிஸ்தான் போரில் காயம்பட்ட ராணுவ மருத்துவர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களிலிருந்து பிரெஞ்சு ராணுவத்துக்குப் போய்ப் பென்ஷனோடு திரும்பியவர்களைச் 'சொல்தா' என்றுதான் ஊரே கூப்பிடும். பிரெஞ்சுப் படை 2001-இலிருந்து 2014 வரை ஆப்கானிஸ்தானில் இருந்தது. ஆக, எங்கள் வாட்சன் வைசியாள் வீதித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சொல்தா டாக்டர். குண்டுக் காயம் உட்பட ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

புதையல் அவ்வளவு எளிதில் அமையவில்லை. முதல் வரைவில் திருட்டுப் போன ஐம்பொன் சிலையை வைத்தோம். அது தப்பு. நாவலில் பிடிபடும் நேரத்தில் ஸ்மால் நகைகளை ஐந்து மைல் தூரத்துக்கு ஆற்றில் இறைத்துவிடுகிறான். யாருக்கும் இல்லாமல் போவதில்தான் கதையின் வலி இருக்கிறது. சிலையை ஆற்றில் போட்டால் மறுநாளே ஆள் முங்கி எடுத்துவிடுவார்கள். அதனால் அரிக்கமேடு பக்கம் போனோம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டிய அதே மேடு. கண்ணாடி மணிகளுக்கும் கல் மணிகளுக்கும் பேர்போன இடம். மிளகளவு மணியைச் சேற்றில் இறைத்தால் யார் பொறுக்குவது? நாவலில் புதையலில் பங்குள்ள மேரி என்ற பெண்ணுக்கு ஆண்டுக்கு ஒரு முத்து தபாலில் வரும். இங்கே ஆண்டுக்கு ஒரு மணி. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை வெளிநாட்டுக்குக் கடத்துவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், வில்லன் கூட்டம் கடலுக்கு ஏன் அவசரப்படுகிறது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது.

பூட்டிய அறைக் கொலையைத் தமிழ்ப் பகுதி வீட்டில் வைக்கவே முடியாது. நடுவில் முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கிறது, எவன் வேண்டுமானாலும் இறங்கலாம். ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சு வீட்டுக்கு மாற்றினோம். உயரமான அறை, மேலே மெட்ராஸ் டெரஸ்: மரக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கலைச் சுண்ணாம்பில் நிறுத்திக் கட்டியது. இரண்டு கட்டைக்கு நடுவே செங்கலைப் பெயர்த்தால் ஒன்றரை அடிகூட வழி கிடைக்காது. உள்ளே வந்தவன் ஒல்லி என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அந்த அறையில்தான் படத்தின் உயிர்நாடியான துப்பும் இருக்கிறது. நாவலில் ஸ்மாலின் கூட்டாளி வெறுங்காலோடு, மரம் கெடாமல் பூசும் கிரியோசோட் எண்ணெயை மிதித்துவிடுகிறான், அந்த வாடையைப் பிடித்து நாய் போகிறது. கிரியோசோட் என்றால் நம்ம பார்வையாளனுக்கு ஒன்றும் தோன்றாது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் என்றால் மூக்கே சுருங்கும். மர உத்திரத்துக்குக் கரையான் வராமல் பூசுவார்கள், மரப் படகின் அடிப்பக்கத்துக்கும் பூசுவார்கள். கருஞ்சிவப்பு நிறம், காரமான வாடை. எல்லாவற்றுக்கும் மேல், தோலில் பட்டால் வெந்து கொப்பளித்துவிடும். கிரியோசோட் வாடையோடு நின்றுவிடுகிறது. முந்திரி எண்ணெய் அவன் காலிலேயே தங்கி நடையை மாற்றிவிடுகிறது.

இதை ஸ்கிரிப்டில் எப்படி வைத்தோம் என்று விரித்துச் சொல்கிறோம். 14-ஆம் காட்சியில் அறைக்குள் கவிழ்ந்த டப்பா, எண்ணெயில் இடது காலின் முன்பாதம் மட்டும் பதிந்த தடம். துப்பறிவாளர் குனிந்து பார்க்கிறார், விரலால் தொடப்போகும் சொல்தாவின் கையைத் தட்டிவிடுகிறார். வசனம் இல்லை. 22-இல் மருந்துக் கடையில் ஒருவன் தீப்புண் களிம்பு வாங்கிய தகவல். 31-இல் பெரிய மார்க்கெட்டில் சண்டை. எதிராளி இளைஞன், வேகமானவன், ஆனால் இடது முன்பாதத்தை ஊன்றவில்லை, குதிகாலில் நிற்கிறான். குதிகாலில் நிற்பவன் பின்னால் சாய்வான். துப்பறிவாளர் அவனை அடிக்காமல் மீன் கழுவிய ஈரத்தரைக்கு ஒவ்வொரு அடியாகத் தள்ளிக்கொண்டு போகிறார். வழுக்காமல் இருக்க அவன் முன்பாதத்தை ஊன்றியே ஆக வேண்டும். ஊன்றுகிறான், அலறுகிறான், அங்கேதான் ஒரே ஒரு அடி. பார்வையாளனே 14-ஐ நினைத்துக்கொள்வான், பின்னணிக் குரல் வேண்டாம். விளக்கக் குரல் போட்ட வரைவையும் படித்துப் பார்த்தோம், சண்டை பாடமாக மாறிவிட்டது.

கம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாயிலின் தடிச்சண்டைக்கு இங்கே சிலம்பம்தான் சரி. முழுக் கம்பு ஆடுபவரின் புருவ மட்டம், சுமார் ஐந்தரை அடி. நாலடி நடைபாதையில் அதைச் சுழற்றவே முடியாது, சுவரில் தட்டும். ஸ்டண்ட் மாஸ்டர் வரும் முன்பே எழுதுகிறவர் லொக்கேஷனுக்கு டேப் எடுத்துப்போய் அகலத்தை அளந்து காட்சியின் தலையிலேயே எழுதிவிட வேண்டும். நாங்கள் மார்க்கெட் சந்துக்கு மூன்றடிக் கம்பு, கடற்கரைக்கு முழுக் கம்பு என்று பிரித்தோம். சொல்தாவுக்குப் பிரெஞ்சுக்காரர்களின் சவாத் உதை. இருவர் உடல்மொழியும் வேறாக இருப்பதால் இருட்டுக் காட்சியிலும் யார் யார் என்று தெரியும்.

நாவலில் எண்ணெயை மிதிக்கும் அந்தக் கூட்டாளி டோங்கா, அந்தமான் தீவுக்காரன். அவனை மிருகம்போல வர்ணித்திருப்பது அந்தக் காலத்து வெள்ளையர் கண். அதை இன்றைக்கு அப்படியே எடுக்கக் கூடாது. பெயரை மாற்றி நம்மூர் ஏழைச் சமூகம் ஒன்றின் தலையில் கட்டுவது இன்னும் மோசம். செல்போன் டவர் ஏறிப் பழகிய ஓர் இளைஞனை வைத்தோம், அவனுக்குச் சொந்தக் கோபமும் சொந்த நியாயமும் கொடுத்தோம். ஓசை வரக் கூடாது என்று அவன் செருப்பைக் கழற்றியதால்தான் எண்ணெய் காலில் பட்டது.

தெருத் துரத்தலுக்கு வெள்ளை நகரம் எனும் பிரெஞ்சுப் பகுதி அழகு, ஆனால் முரண்டு பிடிக்கும். ரோமன் ரோலந்து, சுஃப்ரேன், டுமா வீதிகள் எல்லாம் கோடு போட்ட மாதிரி நேர். ஓடுகிறவன் தெருக்கோடி வரை கண்ணில் தெரிவான், ஒளிய இடமில்லை. கேமராவை முச்சந்தியில் வைத்துத் திருப்பங்களை மட்டும் எண்ணி எழுத வேண்டும். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டி போகாது, அங்கே ராத்திரி கார் சேஸ் எழுதினால் உள்ளூர்க்காரன் அதோடு படத்தை விட்டு வெளியே வந்துவிடுவான். புதுச்சேரிக் காவலருக்குச் சிவப்புத் தொப்பி, கடலூர் எல்லைக்குள் அது கிடையாது. எல்லை வந்ததும் போலீஸ் பிரேக் போட்டு நிற்பதாக ஒரு வரைவில் எழுதியிருந்தோம், சட்டம் படித்தவர் திருத்தினார்: வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய ஆளைத் துரத்திக்கொண்டு இந்தியாவில் எங்கும் போகலாம். படப்பிடிப்பு அனுமதிதான் எல்லைக்கு எல்லை தனித்தனி.

தணிக்கையை எழுதும்போதே கணக்கில் எடுங்கள். பைப் பிடித்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் புகையிலை எச்சரிக்கை ஓடும். நாவலின் முதல் பக்கத்துப் போதை ஊசியும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். நாய்க்கு விலங்கு நல வாரியத்தின் முன் அனுமதி வாங்க வேண்டும். 2024-இலிருந்து யு/ஏ சான்றிதழ் 7, 13, 16 என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. எங்கள் சண்டை அளவு 13-க்கு.

இனி கடலூர் உப்பனாற்றுக்கு வருவோம். நாவலில் தப்பிக்கும் படகைக் கண்ணெதிரே பழுதுபார்க்கும் பட்டறையில் ஒளித்து வைப்பார்கள். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பட்டறை மேஸ்திரிக்கு ஒரே வசனம்: "சுக்கான்ல ஒண்ணுமே இல்ல சார். சொம்மா கொண்டாந்து வுட்டுட்டுப் போனாங்க." படகின் பக்கவாட்டில் டிஎன் எழுத்தின் மேல் புதுசாக பிஒய் எழுதியிருக்கிறது, ஆனால் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டவே இல்லை. பெயின்ட் அடிக்க வந்த படகு என்றால் முதலில் சுரண்டுவார்கள்.

எழுதும்போதே தேதி பாருங்கள். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், துறைமுகம் பின்னணியாக நிறைந்திருக்கும். ஃபைபர் படகின் வேகம் கரையிலிருந்து பார்த்தால் மாட்டு வண்டி மாதிரி தெரியும். லென்ஸ் தண்ணீருக்கு ஓரடி மேலே, அகன்ற கோணம், கால்வாய் குறுகும் இடம் என்று காட்சியிலேயே குறித்தால்தான் திரையில் வேகம் வரும். எஞ்சின் சத்தத்தில் வசனம் எதுவும் கேட்காது, எல்லாம் டப்பிங். ஆகவே படகில் யாரும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசக் கூடாது.

நாவலில் துரத்தலின் முடிவில் ஸ்மால் கரையில் குதிக்க, மரக்கால் சேற்றில் புதைந்து சிக்கிக்கொள்வான். இன்றைக்கு மரக்கால் இல்லை, ஜெய்ப்பூர் கால். அது பாதம்போலவே அகலமான ரப்பர், சேற்றிலும் வயலிலும் நடக்கவென்றே செய்தது, கட்டைபோலக் குத்தி இறங்காது. ஒரு வாரம் இதில் மாட்டிக்கொண்டு நின்றோம். செயற்கைக் கால் போட்டவர் ஒருவரை உப்பனாற்றுச் சேற்றில் கயிறு கட்டி மெதுவாக நடக்கவைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது: பாதம் இறங்குகிறது, சேறு கவ்விக்கொள்கிறது, காலை இழுத்தால் மேலே தொடையிலிருந்து சாக்கெட் (காலை மாட்டும் கூடு) கழன்றுவிடுகிறது. கால் சேற்றில் நிற்கிறது, ஆள் முன்னால் விழுகிறான். நீர் வற்றும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுத்தால்தான் சேறு அந்தப் பதத்தில் இருக்கும், முழுக்க வற்றினால் இறுகிவிடும். கடைசிக் காட்சியில் அவன் முழங்கையால் தவழ்ந்துகொண்டே மீதி மணிகளைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டு போகிறான். பின்னால் அந்தக் கால் தனியாக நிற்கிறது.