குறையவில்லை

"குறையவில்லை" என்று மீன் கணக்கெடுப்புப் படிவத்தில் நான் எழுதியது பொய்யில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தாமிரபரணியில், சுத்தமல்லி அணைக்கட்டுக்குக் கீழே வலையை உதறிக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் படிவத்தில் உள்ளபடி கேட்டேன்: முப்பது வருசத்துக்கு முந்தி கிடைத்ததற்கும் இப்போது கிடைப்பதற்கும் எடையில் வித்தியாசம் உண்டா?

"எடைக்கு என்ன தம்பி, கொறையலயே" என்றார். டிக் அடித்தேன். அதற்குப் பிறகுதான், "எல்லாம் சிலேபியால்லா கெடக்கு. வெலாங்கப் பாத்தா எம் பேரன் பாம்புன்னு ஓடுதான்" என்றார். டிக்குக்குப் பிறகுதான் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். முன்னால் சொல்லியிருந்தால் என் பங்கு கொஞ்சம் கூடிப்போகும்.

"அதுக்கு இதுல கட்டம் இல்ல, அண்ணாச்சி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவைத்தான் பார்த்தார்.

சிலேபி ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்கு வந்தது. தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். குட்டை, கால்வாய் எது கிடைத்தாலும் பெருகிவிடும். கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள், குஞ்சாகக் கொண்டுவந்து விட்டவை. விலாங்கு அப்படியில்லை. கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும். ஆற்றில் பிறந்து கடலில் வளரும் சால்மன் மீனுக்கு நேர் எதிர். ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் நுழையும் குஞ்சு ஸ்ரீவைகுண்டம், மருதூர் அணைக்கட்டுகளைத் தாண்டினால்தான் சுத்தமல்லிக்கு வர முடியும். எங்கள் படிவத்தில் இவை எல்லாமே ஒரே கிலோ.

அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றுப் பான்வில் அணையில் 1938 முதல் ஏறிவரும் சால்மனை எண்ணிவருகிறார்கள். பண்ணையில் பொரித்த குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு முதுகின் பின்பக்கம் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பை நறுக்கிவிட்டுத்தான் ஆற்றில் விடுகிறார்கள். திரும்பி வரும்போது ஆற்றிலேயே பிறந்தது எது, விட்டது எது என்று தெரிய வேண்டுமே. நமக்கு அந்தச் சிரமம்கூடக் கிடையாது. சிலேபியையும் கெண்டையையும் சின்னப்பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும்.

ஆனால் ஒரு மனிதரின் ஞாபகத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது? அந்தக் காலத்து மீன் எல்லோர் வாயிலும் பெரிசாகத்தான் இருக்கும். என் ஆச்சி அந்தக் காலத்து அரிசியே இனிக்கும் என்பாள். சிலேபியைத் திட்டுவதும் லேசு. அண்ணாச்சி வீட்டு உலை அதில்தானே கொதிக்கிறது. அன்று மத்தியானம் நாங்கள் பொரித்துத் தின்றதும் அதைத்தான்.

இதெல்லாம் சரிதான். ஆனாலும், "என்ன மீன்?" என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குப் படிவத்தின் அனுமதி எதற்கு?

கேட்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ராத்திரி ஓரத்தில் பென்சிலால் 'சிலேபி, விலாங்கு இல்லை' என்று எழுதிவைத்தேன். கணினியில் ஏற்றிய பெண் மறுநாள் போன் செய்தார்.

"சார், ஓரத்துல என்னமோ எழுதியிருக்கு. எந்தக் கட்டத்துல போடட்டும்?"

விட்டுவிடும்மா என்றேன்.