கிளியர் கோட் பாக்கி

24 நவம்பர் 2023, வெள்ளி
கிரில், இரண்டு சைடு கண்ணாடிக் கூடு, நாலு வீல் கப், பின் பம்பர். எட்டுச் சாமானும் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டன. மாருதி 800-இன் கறுப்பெல்லாம் வெயிலில் வெந்து சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அப்பா வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

25, சனி
பம்பரின் உள்பக்கம் ‘பிபி’ என்று அச்சு. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். நேராகப் பெயிண்ட் அடித்தால் ஒட்டாது, வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வரும். முதலில் ஒட்டவைக்கிற பிரைமர் வேண்டும். கண்ணாடிக் கூடு ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதற்குச் சாதா பிரைமர் போதும், ஆனால் தின்னர் துணி பட்டால் இளகிவிடும். ஜி.பி. ரோட்டில் கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே டப்பாவை நீட்டினார். மல்லுக்கட்டி மாற்றி வாங்கினேன்.

சாயந்திரம் ஐசியூ. ஐந்து நிமிடம்தான் விட்டார்கள். “வண்டிய ஸ்டார்ட் பண்ணியாடா?”
பண்ணினேன்பா என்றேன்.

26, ஞாயிறு
பாத்திர சோப்பு, 400 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்), அப்புறம் 600. விரல் நுனியெல்லாம் எரிச்சல். கிரில் மடிப்பில் 2015 சேறு இன்னும் இருக்கிறது! தேய்க்கத் தேய்க்கப் பழுப்பாக ஒழுகியது. அந்த டிசம்பரில் சீட்டையெல்லாம் கழற்றி இதே மாடியில் காயப்போட்டவர் அப்பா. ஒரு ஸ்குரூ தொலையவில்லை. நான் அதற்குள் இரண்டு கிளிப்பை உடைத்துவிட்டேன்.

28, செவ்வாய்
பிரைமர். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கினேன், உள்ளே குண்டு கடகடவென்றது. ஒரு சாண் தூரம். சாமானுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, அந்தப் பக்கம் தாண்டிப் போய்த்தான் விரலை எடுக்க வேண்டும். கை நின்றால் வழியும்.
நின்றது. ஆஸ்பத்திரி போன். கிட்னி டெஸ்ட், கிரியாட்டினின் 3.1.
இடது கண்ணாடிக் கூட்டில் மெழுகுவர்த்தி மாதிரி ஒரு வழிசல்.

29, புதன்
மழை.

30, வியாழன்
ராத்திரி முழுக்கக் கொட்டியது. மத்தியானம் கொஞ்சம் விட்டதும் ஆசை யாரை விட்டது, கிரிலுக்குக் கறுப்பு அடித்தேன். பத்தே நிமிடத்தில் மோர் தெளித்தாற்போல வெள்ளை பூத்தது. பெயிண்டில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேல்பரப்பு சில்லிட்டுக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். தெரியும். தெரிந்தே அடித்தேன். திரும்பவும் 600.
“ஸ்டார்ட் பண்ணியா?”
ம்.

2 டிசம்பர், சனி
மாடிப்படி முகப்பில் கதவு ஜன்னலெல்லாம் திறந்துபோட்டு, சாமானை ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கி, டிரையரை அப்பால் வைத்துவிட்டு மேட் பிளாக் மூன்று கோட். கோட்டுக்குக் கோட் கால் மணி நேரம். அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனாள், ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது தொட்டால் விரலில் ஒட்டவில்லை. உள்ளே இறுக ஒரு வாரமாவது ஆகும். மேலே அடிக்கிற நிறமில்லாத கிளியர் கோட் பாக்கி. வழிசல் இருந்த இடம் எனக்கு மட்டும் தெரிகிறது. அப்பாவுக்கும் தெரியும்.

3, ஞாயிறு
மிக்ஜாம் புயல். நாளைக்கு லீவு விட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு அண்ணன் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் விட்டுவிட்டு நனைந்துகொண்டே நடந்து வந்தார். “உங்க வண்டிய எடுக்கலயா?”
கிரில் இல்லாமல் பல்லு போன வாய் மாதிரி நிற்கிறது. சாவியைத் திருப்பினேன். டிக். மறுபடியும் டிக். பத்து நாள்.

ஜம்பர் கேபிள் வைத்திருப்பவர் போனை எடுக்கவில்லை. தள்ள ஆளில்லை. மேலே எட்டுச் சாமானும் கறுகறுவென்று.

அப்பா இன்றைக்குக் கேட்கவில்லை. தூங்குகிறார் என்றாள் அக்கா.

இரவு 11.20. தண்ணீர் கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. வீல் கப் இல்லாத டயரில்