எதிரொலிகளைக் கூட்டிப் படமாக்குதல்: ஜூலைக் குறிப்புகள்

12 ஜூலை 2025, தக்கலை

சிந்தெடிக் அபர்ச்சர் ரேடாருக்கான (நகர்ந்துகொண்டே துடிப்புகளை அனுப்பி, திரும்பும் எதிரொலிகளைக் கூட்டித் தெளிவான படம் தரும் ரேடார்) பேக்புரொஜெக்‌ஷன் நிரலை இன்று எழுதி முடித்தேன். ஒவ்வொரு துடிப்பின்போதும் விண்கலம் ஒரு பிக்சலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தது எனக் கணக்கிட்டு, அத்தொலைவில் பதிவான எதிரொலியின் கட்டத்தை (அலை தன் சுழற்சியில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை) திருத்தி, அந்தப் பிக்சலில் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பாதை வளைந்திருந்தாலும் பிசகாத முறை இது. ஆனால் 1024 துடிப்புகள், 1024-க்கு 1024 பிக்சல் என்றால் 107 கோடிக்கு மேற்பட்ட கூட்டல்கள். என் மடிக்கணினி விடியும் வரை ஓடியது.

17 ஜூலை

ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2003-இல் விளக்கிய விரைவு முறைக்கு மாறினேன். நீண்ட பாதையைச் சிறு துண்டுகளாக்கினால், ஒரு துண்டு மட்டும் தரும் படம் கோணத்தில் மங்கலாகவே இருக்கும்; மங்கலான படத்துக்குச் சில கோணங்களே போதும். பிறகு இரண்டிரண்டாக இணைக்க இணைக்கக் கோணத்தெளிவு இரட்டிப்பாகிறது. பத்தே படிகளில், சுமார் 2 கோடிக் கூட்டல்களில் வேலை முடிகிறது.

21 ஜூலை

சோதனைக்காக நான் வைத்த ஒற்றைப் புள்ளியின் இருபுறமும் மங்கிய போலிப் புள்ளிகள் வரிசையாக நின்றன. இரண்டு நாள் தேடிய பின்தான் பிடிபட்டது: துண்டுப் படங்களை இணைக்கும்போது மிக அருகிலுள்ள மாதிரி மதிப்பையே எடுத்துக்கொண்டிருந்தேன். ரேடாரின் அலைநீளம் 5.5 செ.மீ. என்பதால் தொலைவில் 7 மி.மீ. பிழைத்தாலே, போய்வரும் பாதையில் கட்டம் 90 பாகை விலகிவிடும். இரு மாதிரிகளுக்கு இடைப்பட்ட மதிப்பைக் கணிக்கும் இடைமதிப்பீட்டைச் செம்மையாக்கி, கோணங்களையும் நெருக்கமாக்கியதும் போலிகள் மறைந்தன. நேரம் சற்றுக் கூடியது. அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

25 ஜூலை, முட்டம்

ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 எடுத்த படத்தில் ஒரு கப்பல் தன் நீர்த்தடத்தை விட்டு விலகி நிற்பதைக் காட்டியதும், "அதெப்படி மக்களே, தடம் ஒரு பக்கம், கப்பல் ஒரு பக்கம்?" என்று மாமா கேட்டார். கணக்கீடு எல்லாவற்றையும் அசையாப் பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. ரேடாரின் பார்வைத் திசையில் விநாடிக்கு 1 மீட்டர் நகரும் கப்பல்கூட, படத்தில் ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளிப் பதிவாகும் என்று விளக்கினேன். அவர் வெகுநேரம் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

30 ஜூலை

மாலை 5.40-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நாசா-இஸ்ரோ கூட்டு ரேடார் செயற்கைக்கோளான நிசார் ஏவப்பட்டது. அதன் எல்-பேண்ட் என்னும் அலைவரிசையின் அலைநீளம் 24 செ.மீ.; குலசேகரத்து ரப்பர் மரங்களின் இலைகளுக்கு அடியிலிருந்தும் எதிரொலி வரும். தொலைவுப் பிழைக்கு 3 செ.மீ. வரை இடமிருக்கிறது, ஆனால் அதே தெளிவுக்குப் பாதை நான்கு மடங்குக்கு மேல் நீள வேண்டும். துண்டு பிரிக்கும் பகுதியை நாளை அதற்கேற்ப மாற்றி எழுத வேண்டும்.