குரலில் தெரிவது உடம்பா, அந்தஸ்தா?

குரல் கம்மினால் சுக்குக் காபியும் உப்புநீர்க் கொப்பளிப்பும்தான் நம் வீடுகளில் முதல் வைத்தியம். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், குறிப்பாகப் புகைப்பழக்கம் உள்ளவராயின், காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்வளையைப் பார்ப்பதோடு நிற்காமல் நெஞ்சையும் படம் எடுக்கச் சொல்லக்கூடும். இடப்பக்கக் குரல்நாணை அசைக்கும் நரம்பு, நேரே குரல்வளைக்கு வராமல் நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறுவதே காரணம். நுரையீரல் கட்டியோ வீங்கிய தமனியோ அந்த நரம்பை அழுத்தினால், தொண்டையில் ஒரு கோளாறும் இல்லாமலே குரல் காற்றாகிப் போகும்.

பார்க்கின்சன் நோய் கண்ட என் பெரியப்பா முணுமுணுப்பாகவே பேசுவார். கேட்கவில்லை என்றால், "நான் சரியாத்தான் பேசறேன், உங்களுக்குத்தான் காது மந்தம்" என்று கடிந்துகொள்வார். அது பிடிவாதமன்று. தன் குரலின் அளவைத் தானே மதிப்பிடும் உணர்வும் அந்நோயில் பிசகிவிடுகிறது, அதனால்தான் பேச்சுப் பயிற்சியாளர் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: "உரக்க, இன்னும் உரக்க."

அந்தஸ்து குரலில் ஏறும் விதமே வேறு. 1962இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குச் சென்று, நான்காம் மாடியில் இருக்கும் பொருளைப் பற்றி விசாரித்தார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற விடையில் 'ர்' ஒலிக்கிறதா என்பதே அவருக்கு வேண்டியிருந்தது. காதில் விழாததுபோல் நடித்து, மறுபடியும் சொல்லவைத்தார். செல்வந்தர்கள் செல்லும் சேக்ஸில் அவ்வொலி மிகுதி, மேசிஸில் குறைவு, மலிவு விலைக் கடையான கிளைனில் மிகக் குறைவு. சேக்ஸ் ஊழியர்கள் செல்வந்தர்கள் அல்லர். வாடிக்கையாளரின் மதிப்பைத் தம் நாவில் கடன் வாங்கிக்கொண்டார்கள் என்பது லபோவின் விளக்கம். எனக்கு அது முற்றிலும் சரியாகவே படுகிறது.

கடன் வாங்க முடியாதவர் நிலை என்ன? கலிஃபோர்னியாவில் ஜான் பா என்ற அறிஞர், கறுப்பினத்தவர், மெக்சிகோ வழியினர், வெள்ளையர் ஆகியோரின் உச்சரிப்புகளில் மாறிமாறி வீட்டு உரிமையாளர்களைத் தொலைபேசியில் அழைத்து வாடகைக்கு வீடு கேட்டார். வெள்ளையர் மிகுந்த பகுதிகளில் முதல் இரண்டு உச்சரிப்புகளுக்கும், வீட்டைப் பார்க்க வரலாம் என்ற பதில் குறைவாகவே கிடைத்தது. பேசியவரோ மூன்று குரலிலும் ஒருவரே.